கேள்வி – பதில்: பௌத்தம் பரவிய வரலாற்றைக் கட்டுரையாக்குவது எப்படி?

கேள்வி (இளங்கலை வரலாற்று மாணவி): “பௌத்தம் பரவியதற்கான காரணங்களை ஆராய்க” என்று 1,500 சொற்களில் கட்டுரை கேட்டார்கள். புத்தர் பிறந்ததிலிருந்து ஜப்பான் வரை ஒன்று விடாமல் எழுதினேன். “தகவல் இருக்கிறது, வாதம் இல்லை” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்கே தவறினேன்?

பதில்: “புத்தர் பிறந்ததிலிருந்து” என்கிறீர்களே, அங்கேதான். கேட்டது பரவலைப் பற்றி. லும்பினி, நான்கு காட்சிகள், போதிமரம் என்று தொடங்கினால் முதல் 300 சொற்கள் போய்விடும். கேள்விக்கு அதில் ஒரு வரி விடைகூட இருக்காது. திருத்துபவர் இரண்டாம் பக்கத்தைப் புரட்டும்போதே மதிப்பெண்ணை மனத்துக்குள் முடிவு செய்திருப்பார்.

“ஆராய்க” என்றால் காரணங்களை வரிசையாக அடுக்கச் சொல்லவில்லை. அவற்றை எடைபோடச் சொல்கிறார்கள். அரச ஆதரவு, வணிகம், சங்கத்தின் (பௌத்தத் துறவியர் கூட்டத்தின்) அமைப்பு, எளிய மொழி, சாதி பாராத சேர்க்கை என்று ஐந்தைச் சொல்லிவிட்டு, ஐந்தும் சம முக்கியம் என்று விட்டுவிடுவதுதான் பெரும்பாலான கட்டுரைகளின் நோய். எது முதன்மை, எது துணை, எந்தக் காலத்தில் எந்தப் பகுதியில் என்று நீங்கள் ஒரு நிலை எடுக்க வேண்டும். அந்த நிலையை முன்னுரையின் கடைசி வாக்கியமாக வையுங்கள். உதாரணத்துக்கு: “அரசர்களின் ஆதரவு பௌத்தத்துக்கு வேகம் கொடுத்தது; ஆனால் அரசெல்லைகளைத் தாண்டி அதைக் கொண்டுபோனவை வணிகர்களின் கொடையும் சங்கத்தின் நெகிழ்வான விதிகளுமே.” இதை ஒருவர் மறுக்க முடியும். மறுக்க முடியாத வாக்கியம் கருதுகோளாகாது. “பௌத்தம் பல காரணங்களால் பரவியது” என்பதை யார் மறுப்பார்கள்?

அளவையும் முன்னரே பிரித்துக்கொள்ளுங்கள். முன்னுரை 130 சொல், நடுவில் ஐந்து பத்திகள், ஒவ்வொன்றும் 240, முடிவுரை 120. மிச்சம் 50 சொல் எங்காவது தேவைப்படும். ஐந்து பத்திகளுக்குள் ஆசியா முழுவதும் அடங்காது. இந்தியா, இலங்கை, சீனா என்று மூன்றோடு நிறுத்துங்கள். கொரியா, ஜப்பான், திபெத் மூன்றையும் முன்னுரையில் ஒரே வாக்கியத்தில் “இவை இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே” என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்கியதற்காக யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. ஒவ்வொன்றையும் ஒரு வரியில் தொட்டுவிட்டு ஓடுவதற்குத்தான் குறைப்பார்கள்.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): அசோகர்தான் பௌத்தத்தைப் பரப்பினார் என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். பாடநூலும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறது. அது தவறா?

பதில்: தவறில்லை, ஆதாரம் காட்டாமல் சொன்னால் பலவீனம். அசோகரைப் பற்றி நம்மிடம் இரண்டு வகைச் சான்றுகள் இருக்கின்றன. மாணவர்கள் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள்.

ஒன்று, அவரே பொறித்த கல்வெட்டுகள். 13ஆம் பெரும்பாறைக் கல்வெட்டில் கலிங்கப் போரின் வருத்தத்தைச் சொல்லி, தம்மத்தால் பெறும் வெற்றியே சிறந்தது என்கிறார். அந்த வெற்றி எட்டிய இடங்களாக அந்தியோகஸ் உள்ளிட்ட ஐந்து கிரேக்க அரசர்களையும், தெற்கே சோழர், பாண்டியர், தாம்பிரபரணி (இலங்கை) வரையிலும் குறிப்பிடுகிறார். ஆனால் இதே கல்வெட்டில் புத்தரின் பெயர் இல்லை. அசோகரின் தம்மம் என்பது பெற்றோருக்குப் பணிவு, உயிர்களிடம் இரக்கம், எல்லாச் சமயத்தாருக்கும் மரியாதை என்று பரந்த ஒழுக்கம். அவர் தம்மைப் பௌத்த உபாசகர் (துறவு பூணாத அடியார்) என்று சொல்லிக்கொள்வது சிறுபாறைக் கல்வெட்டுகளில். “அசோகர் கிரேக்க நாடுகளுக்குப் பௌத்தத்தை அனுப்பினார்” என்று 13ஆம் கல்வெட்டைக் காட்டி எழுதினால், கல்வெட்டு சொல்லாததைச் சொன்னதாகிவிடும்.

இரண்டாவது, இலங்கையின் மகாவம்சம். மூன்றாம் பௌத்தப் பேரவை, அதற்குத் தலைமை தாங்கிய மொக்கலிபுத்த திஸ்ஸர், ஒன்பது பகுதிகளுக்குத் தேரர்களை (மூத்த துறவிகளை) அனுப்பியது, அசோகரின் மகன் மகிந்தர் இலங்கை வந்தது எல்லாம் இதில் வருகின்றன. தேரர்களை அனுப்பிய செய்தி 12ஆம் அதிகாரம். நூல் தொகுக்கப்பட்டதோ கி.பி. 5–6ஆம் நூற்றாண்டு வாக்கில், அதாவது அசோகருக்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து. எழுதியவர் அநுராதபுரத்து மகாவிகாரை மரபைச் சேர்ந்த துறவி. தம் விகாரையின் தொடக்கத்தை அசோகரோடு இணைப்பதில் அவருக்கு ஆர்வம் இருந்திருக்கும். மூன்றாம் பேரவையைப் பற்றியோ மகிந்தரைப் பற்றியோ அசோகரின் கல்வெட்டுகள் பேசுவதே இல்லை.

அப்படியானால் மகாவம்சத்தைத் தள்ளிவிடலாமா? கூடாது. இங்கேதான் நல்ல கட்டுரை தனித்துத் தெரியும். 1851இல் அலெக்சாந்தர் கன்னிங்காமும் மெய்சியும் சாஞ்சிப் பகுதியில் தூபிகளைத் திறந்தபோது கிடைத்த அஸ்திப் பேழைகளில் “மஜ்ஜிமர்” என்ற பெயரும், “இமயப் பகுதியினர் அனைவருக்கும் ஆசிரியரான காசபகோத்தர்” என்ற பெயரும் பிராமி எழுத்தில் இருந்தன. இமயப் பகுதிக்கு அனுப்பப்பட்டவராக மகாவம்சம் சொல்வது இதே மஜ்ஜிமரைத்தான். பிற்கால நூல் ஒன்று சொன்ன பெயரைப் பல நூறு ஆண்டு முந்தைய பேழை உறுதிப்படுத்துகிறது. ஆக, தேரர்கள் போனது நம்பத்தக்கது. அவர்களை அரசர் அனுப்பினாரா, சங்கம் அனுப்பியதா என்பதுதான் திறந்த கேள்வி. இந்த ஒரு சான்றை வைத்து 240 சொற்களுக்கு ஒரு முழுப் பத்தி எழுதலாம்.

கேள்வி (முதுகலை மாணவர்): புத்தர் மறைந்த ஆண்டு கி.மு. 544, 483, 400 என்று மூன்று விதமாகப் பார்க்கிறேன். எதை எழுதுவது?

பதில்: 544–543 இலங்கை போன்ற தேரவாத பௌத்த நாடுகளின் மரபுக் கணக்கு, 1956இல் 2,500ஆம் ஆண்டு விழா கொண்டாடியது இதை வைத்துத்தான். 483 வாக்கில் என்பது அசோகர் காலத்தைக் கொண்டு திருத்திய கணக்கு. இன்றைய ஆய்வாளர் பலர் கி.மு. 400ஐ ஒட்டிய காலத்துக்கு நகர்ந்திருக்கிறார்கள். ஒன்றைத் தேர்ந்து, அடிக்குறிப்பில் மற்றதைச் சொல்லிவிட்டு நகருங்கள். பரவலைப் பற்றிய கட்டுரையில் இதற்கு ஒரு பத்தி செலவிட வேண்டாம். ஆனால் ஒரு பக்கத்தில் 544ஐயும் மறுபக்கத்தில் 483ஐயும் பயன்படுத்திவிடாதீர்கள். அது அடிக்கடி நடக்கிறது.

கேள்வி (ஆய்வு மாணவி): வணிகமும் பௌத்தமும் கைகோத்து நடந்தன என்று எழுதினேன். “நிறுவுக” என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார் வழிகாட்டி. எப்படி நிறுவுவது?

பதில்: “மடாலயங்கள் வணிகப் பாதைகளில் இருந்தன” என்ற வாக்கியம் பாதிச் சான்றுதான். பாதை ஓரத்தில் இருந்தது என்பதற்காகப் பாதையால் வளர்ந்தது என்று ஆகிவிடாது. பணம் கை மாறியதைக் காட்டுங்கள். அதற்கான கல்வெட்டுகள் மேற்குத் தொடர்ச்சி மலைக் குகைகளில் ஏராளம். முதலில் பலவீனமான பத்தி ஒன்று:

“பௌத்தம் பரவ வணிகர்கள் பெரிதும் உதவினர். அவர்கள் மடாலயங்களுக்குப் பல நன்கொடைகள் அளித்தனர். துறவிகள் வணிகக் கூட்டங்களோடு பயணம் செய்தனர். இதனால் பௌத்தம் பல நாடுகளுக்கும் பரவியது.”

நான்கு வாக்கியம், ஒரு பெயர் இல்லை, ஓர் ஊர் இல்லை, ஒரு நூற்றாண்டும் இல்லை. இனி அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

“சங்கத்தின் வாழ்வாதாரம் அன்றாடப் பிச்சையிலிருந்து நிலையான வருமானத்துக்கு மாறியதை நாசிக் குகைக் கல்வெட்டு ஒன்று காட்டுகிறது. மேற்கிந்தியாவை ஆண்ட சத்திரப மன்னன் நகபானனின் மருமகன் உசவதாதன் 3,000 காசுகளை நெசவாளர் தொழிற்குழுக்களில் நிரந்தர முதலாக வைத்தான். 2,000 காசு ஒரு குழுவில், மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டி. 1,000 காசு மற்றொன்றில், நூற்றுக்கு முக்கால் வட்டி. முதல் தொகையின் வட்டியிலிருந்து, குகையில் மழைக்காலம் தங்கும் இருபது பிக்குகளுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு காசு துணிக்காக. மாதம் 20 காசு வீதம் ஆண்டுக்கு 240. இருபது பேருக்குப் பன்னிரண்டு வீதமும் அதே 240. முதலில் கை வைக்காமல் வட்டியில் மட்டும் நடக்கும்படி கணக்குப் பார்த்தே இக்கொடை அமைக்கப்பட்டிருக்கிறது. கொடையாளி இறந்தாலும் அரசு மாறினாலும் மடம் நடக்க இது வழிசெய்தது.”

கடைசி இரண்டு வாக்கியங்களைக் கவனியுங்கள். சான்றைச் சொன்னதோடு நிற்காமல், அது ஏன் உங்கள் கருதுகோளுக்கு உதவுகிறது என்று சொல்கின்றன. பெரும்பாலான பத்திகள் இந்த இடத்தில்தான் பாதியில் அறுந்து தொங்குகின்றன.

இதோடு கார்லே குகையைச் சேர்க்கலாம். “ஜம்புத்தீவிலேயே சிறந்த குகை” என்று பெருமையடித்துக்கொண்டு அதை முடித்துக் கொடுத்தவன், தொலைவில் உள்ள வைஜயந்தியைச் சேர்ந்த பூதபாலன் என்ற செட்டி. தூண்கள் சிலவற்றைக் கொடுத்தவர்கள் தேனுகாகடத்து யவனர்கள். சாஞ்சியின் தெற்குத் தோரணத்தில் விதிசை நகரத்துத் தந்தக் கைவினைஞர்கள் “இச்சிற்ப வேலை எங்களுடையது” என்று பொறித்திருக்கிறார்கள். அங்குள்ள நூற்றுக்கணக்கான கொடைக் கல்வெட்டுகளில் அரசர்களைவிடச் சாதாரண மக்களும், பிக்குகளும் பிக்குணிகளும்தான் அதிகம். துறவிகளே கொடையாளிகள் என்பது பலரை வியக்க வைக்கும்.

எதிர்வாதத்தையும் நீங்களே எழுப்புங்கள். சாஞ்சியைச் சுற்றிய கள ஆய்வுகளில் பழங்காலப் பாசன அணைகள் பல தெரியவந்துள்ளன. அப்படியானால் மடங்கள் வேளாண்மையையும் சார்ந்திருந்தன. எல்லாம் வணிகம் என்று சொல்ல முடியாது. இதை ஒப்புக்கொண்டுவிட்டு, தூர தேசங்களுக்குப் போனதற்கு மட்டும் வணிகம் முதன்மைக் காரணம் என்று உங்கள் வாதத்தைச் சுருக்கிக்கொண்டால் அது இன்னும் வலுவாகும். இதே உசவதாதன் பிராமணர்களுக்கும் பசுக்களை அள்ளிக் கொடுத்தவன் என்பதையும் மறக்க வேண்டாம். கொடை கொடுத்தவரையெல்லாம் பௌத்தராக்கிவிடுவது இந்தத் தலைப்பில் மிகப் பரவலான பிழை. ஆந்திராவின் நாகார்ஜுனகொண்டாவில் இக்சுவாகு மன்னர்கள் வேள்விகள் செய்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் தூபிக்குக் கொடுத்தார்கள். ஒரே குடும்பம்!

கேள்வி (போட்டித் தேர்வு எழுதுபவர்): “சங்கத்தின் அமைப்பு” ஒரு காரணம் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. அதில் எழுத என்ன இருக்கிறது?

பதில்: சங்கத்தின் விதிநூலான வினயத்திலேயே இருக்கிறது, யாரும் திறந்து பார்ப்பதில்லை. முழுத் துறவு கொடுக்கக் குறைந்தது பத்து பிக்குகள் கூட வேண்டும் என்பது விதி. அவந்தி நாட்டில் சோணகுட்டிகண்ணர் என்பவருக்குப் பத்து பேரைத் திரட்டவே மூன்று ஆண்டுகள் பிடித்தன. அவர் புத்தரிடம் முறையிட, எல்லைப்புற நாடுகளில் வினயம் அறிந்த ஒருவர் உட்பட ஐந்து பேர் போதும் என்று தளர்த்தப்பட்டது என்கிறது வினயத்தின் ஒரு பகுதியான மகாவக்கம். புதிய நாட்டில் ஐந்து பிக்குகள் போய் இறங்கினால் அங்கேயே அடுத்த தலைமுறைத் துறவிகளை உருவாக்கிக்கொள்ளலாம். தாய்நாட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை. “சங்கம் நன்கு அமைக்கப்பட்டிருந்தது” என்ற வெற்று வரியை இது பிடித்து நிறுத்தும். தேர்வில் மூன்று வாக்கியத்தில் எழுதிவிடலாம்.

கேள்வி (இளங்கலை மாணவர்): சீனாவுக்குப் பௌத்தம் ஹான் பேரரசர் மிங் கண்ட கனவால் வந்தது என்று தொடங்கலாமா?

பதில்: தொடங்கலாம், கதை என்று சொல்லிவிட்டு. பொன்மேனியர் ஒருவரைக் கனவில் கண்ட பேரரசர் தூதர்களை அனுப்பினார், வெள்ளைக் குதிரையில் நூல்கள் வந்தன, லோயாங்கில் வெள்ளைக் குதிரைக் கோயில் எழுந்தது என்பது பிற்கால மரபு. கி.பி. 65ஆம் ஆண்டு நிகழ்வுகளைச் சொல்லும் ஹான் வரலாற்றுப் பதிவில், அதே பேரரசரின் உறவினரான சூ நாட்டு இளவரசர் யிங் புத்தருக்கு வழிபாடு நடத்துவதாகவும் சிரமணருக்கு உணவளிப்பதாகவும் குறிப்பு வருகிறது. அப்போதே அங்கே பௌத்தர்கள் இருந்திருக்கிறார்கள். வணிகரோடும் குடியேறிகளோடும் சத்தமில்லாமல் வந்த ஒன்றுக்குப் பிறகு அரசவைப் பெருமை சேர்க்கப்பட்டது என்று வாதிடலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வரைபடத்தில் இந்தியாவிலிருந்து சீனாவுக்கு நேராக அம்புக்குறி போடுவார்கள். 148இல் லோயாங் வந்து மொழிபெயர்க்கத் தொடங்கிய ஆன் ஷிகாவ் பார்த்தியர் (பண்டை ஈரான் பகுதியினர்). அவருக்கு அடுத்து வந்த லோகக்ஷேமர் குஷாணப் பகுதியினர். இடையில், மத்திய ஆசியாவில் உள்ள தாரிம் வடிநிலத்தில் அதே காலத்து மடாலயத் தடயங்கள் மிகக் குறைவு. ஊர் ஊராகப் பரவியிருந்தால் நடுவில் தடம் இருந்திருக்க வேண்டும். எரிக் சுர்சர் என்ற ஆய்வாளர் இதைச் சுட்டி, ஊர் ஊராகத் தொடர்பு வழிப் பரவுவது வேறு, தொலைவிலிருந்து நேராகக் கொண்டுவரப்படுவது வேறு என்று பிரித்தார். இந்தப் பிரிப்பை உங்கள் கட்டுரையில் ஒரு கருவியாகப் பயன்படுத்தலாம், இலங்கையோடும் ஒப்பிடலாம்.

பெற்றுக்கொண்டவர்களின் பக்கமும் எழுதப்பட வேண்டும். லோயாங் 311இலும் சாங்கான் 316இலும் வீழ்ந்த பிறகு வட சீனாவை ஆண்ட அயல் வம்சங்களுக்குக் கன்பூசிய மரபைச் சாராத ஒரு சமயம் தேவைப்பட்டது. 401இல் குமாரஜீவர் சாங்கானில் பெரும் மொழிபெயர்ப்புப் பணியைத் தொடங்கியது அரச ஆதரவோடுதான். ஆக, சீனாவில் தொடக்கத்தில் அரசு பின்னால் வந்தது, பிறகு முன்னால் நின்றது. காலம் பிரித்து எழுதினால் முரண்பாடு போலத் தெரிவது வாதமாகிவிடும்.

கேள்வி (தமிழிலக்கிய மாணவி): தமிழகப் பகுதிக்கு மணிமேகலையைச் சான்றாகக் காட்டலாமா?

பதில்: காட்டலாம், எதற்குச் சான்று என்று சொல்லிக் காட்டுங்கள். மணிமேகலை என்ற பெண் வாழ்ந்தாள் என்பதற்கு அது சான்றல்ல. பௌத்த அளவை நூல் (தர்க்க) நுணுக்கங்களைத் தமிழில் காப்பியமாகப் பாடும் அளவுக்கு இங்கே கேட்போர் இருந்தார்கள் என்பதற்கு அது உறுதியான சான்று. காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு, “கி.பி. 2ஆம் நூற்றாண்டு” என்று திட்டமாக எழுதிவிட வேண்டாம். காவிரிப்பூம்பட்டினத்தில் அகழ்ந்தெடுத்த விகாரையை அதோடு சேர்த்து வையுங்கள். நாகார்ஜுனகொண்டாவில் உபாசிகை போதிசிரி பொறித்த 3ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, தாம்பிரபரணித் துறவிகள் சமயத் தெளிவு கொடுத்த நாடுகளின் பட்டியலில் காஷ்மீரம், காந்தாரம், சீனம் ஆகியவற்றோடு தமிழகத்தையும் சொல்கிறது.

யுவான் சுவாங் திராவிட நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட மடங்கள், பத்தாயிரம் துறவிகள் என்கிறார். அந்த முழு எண்களை “ஏராளம்” என்று மட்டுமே படியுங்கள். ஃபாஹியான் தென்னாட்டுக்கு வரவேயில்லை. அவர் சொல்வது கேள்விப்பட்டது.

அம்புக்குறி எதிர்த்திசையிலும் பாய்ந்தது என்று காட்ட நாகப்பட்டினம் போல் வேறு இடம் இல்லை. சுமத்திராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய அரசர்கள் அங்கே சூடாமணி விகாரையைக் கட்ட, சைவனான முதலாம் இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தின் வருவாயைக் கொடுத்தான். ஏறத்தாழ இருபது ஆண்டில், 1025இல், அவன் மகன் அதே ஸ்ரீவிஜயத்தின் மீது கடற்படையை அனுப்பினான். சமயக் கொடைக்குப் பின்னால் துறைமுக அரசியல் இருந்ததைச் சொல்ல இதைவிட வேறென்ன வேண்டும்?

கேள்வி (பதினோராம் வகுப்பு மாணவர்): தேர்வில் 45 நிமிடம்தான். இவ்வளவும் எப்படி?

பதில்: இவ்வளவும் வேண்டாம். 6 நிமிடம் திட்டம், 35 நிமிடம் எழுத்து, 4 நிமிடம் திருத்தம். திட்டத்தில் கருதுகோள் ஒரு வரி, நான்கு பத்திகளுக்கு நான்கு சான்றுகள், ஓர் எதிர்வாதம். மகாவம்சம்–சாஞ்சிப் பேழை, நாசிக் வட்டிக் கணக்கு, ஐந்து பிக்கு விதி, இளவரசர் யிங்: இந்த நான்கைத் தெளிவாக வைத்திருந்தால் எந்தக் கோணத்தில் கேட்டாலும் சமாளிக்கலாம். ஆண்டு மறந்தால் நூற்றாண்டு எழுதுங்கள். ஊகித்த ஆண்டு வேண்டாம்.

கேள்வி (இளங்கலை வரலாற்று மாணவர்): முடிவுரையில் இந்தியாவில் பௌத்தம் ஏன் மறைந்தது என்று எழுதி முடிக்கலாமா?

பதில்: வேண்டாம். அது வேறு கட்டுரை. முடிவுரையில் புதுச் சான்று எதுவும் வரக்கூடாது. உங்கள் கருதுகோள் எங்கே பொருந்துகிறது, எங்கே தடுமாறுகிறது என்று நேர்மையாகச் சொல்லுங்கள், போதும்.

கேள்வி (ஆய்வு மாணவர்): கல்வெட்டுகளை அடிக்குறிப்பில் எப்படிக் காட்டுவது?

பதில்: அரசர் பெயர், கல்வெட்டின் வகை, எண், எந்த ஊர்ப் படி: இந்த நான்கும் வேண்டும். “அசோகர், பெரும்பாறைக் கல்வெட்டு 13, ஷாபாஸ்கர்ஹி” என்பதுபோல. ஊரை விட்டுவிடாதீர்கள், படிகளுக்குள் வேறுபாடு உண்டு, சில சிதைந்தும் இருக்கின்றன. கலிங்கப் போர் என்றதும் பலர் கை தானாக “தௌலி, 13ஆம் கல்வெட்டு” என்று எழுதிவிடுகிறது. கலிங்கத்துக்குள் இருக்கும் தௌலியிலும் ஜௌகடாவிலும் 11, 12, 13 மூன்றும் பொறிக்கப்படவே இல்லை. அவற்றுக்குப் பதிலாக அந்த மக்களுக்கென்று தனிக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. தெரிந்தவர் திருத்தினால் முதலில் அங்கேதான் சிவப்பு மை விழும்.